‘அடுத்த வருஷம் தொட்டில் ஆடும்’: 40 வயதைத் தாண்டியும் காத்திருக்கும் கிறிஸ்தவப் பெண்கள்... பைபிள், திருச்சபை, சட்டம் சொல்வது என்ன?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தமிழகத்தின் பல சபைகளில் ஒரு தட்டு வரும். அதில் சின்னச் சின்ன அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பைபிள் வசனம். கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் அதுதான் புது வருஷத்துக்கான ‘வாக்குத்தத்தம்’. வேலை தேடும் பையன் ஒன்றை நினைத்து எடுப்பான். வீடு கட்டும் குடும்பம் வேறொன்றை நினைத்து எடுக்கும். கல்யாணமாகி 12, 15 வருஷம் ஆகியும் குழந்தை இல்லாத பெண் என்ன நினைத்து எடுக்கிறார் என்பது சபைக்கே தெரியும்.

30 வயதில் எடுத்த அட்டைக்கும் 43 வயதில் எடுக்கும் அட்டைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 30-ல் அது நம்பிக்கை. 43-ல் அதை எடுக்கவே கை தயங்கும். அப்போதும் பக்கத்தில் ஒருவர், “சாராளுக்கு 90 வயசுல கொடுத்தவரு உனக்குக் கொடுக்க மாட்டாராம்மா?” என்பார். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆறுதலைக் கேட்டுக்கொண்டே காத்திருக்கும் பெண்ணுக்கு இரண்டு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று உடம்பின் கடிகாரம். இன்னொன்று, பலருக்கும் தெரியாத சட்டத்தின் கடிகாரம்.

இந்த விஷயத்தில் பைபிள் உண்மையில் என்ன சொல்கிறது? ஐவிஎஃப் செய்தால் பாவமா? குழந்தை இல்லை என்று விவாகரத்து கேட்க முடியுமா? தத்தெடுக்க எத்தனை வயது வரை முடியும்? விரிவாகப் பார்க்கலாம்.

பிரசங்கத்தில் வரும் கதைகள், வராத கதைகள்

பைபிளில் குழந்தைக்காகக் காத்திருந்த பெண்கள் நிறைய. சாராள், ரெபெக்காள், ராகேல், சிம்சோனின் தாய், சாமுவேலின் தாய் அன்னாள், சூனேம் ஊர்ப் பெண், யோவான் ஸ்நானகனின் தாய் எலிசபெத்து. ரெபெக்காள் கதையில் ஈசாக்குக்குக் கல்யாணம் நடந்தது 40 வயதில், இரட்டைப் பிள்ளைகள் பிறந்தது 60 வயதில் என்று கணக்கே இருக்கிறது. அதாவது 20 வருஷம்.

இந்த எல்லாக் கதைகளுக்கும் ஒரே முடிவு: கடைசியில் குழந்தை பிறக்கிறது. அதனால்தான் பிரசங்கத்துக்கு வசதி. காத்திருந்தால் கிடைக்கும், கிடைக்கவில்லை என்றால் இன்னும் காத்திரு. இந்தக் கணக்கில் 47 வயதில் மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கு இடமே இல்லை.

ஆனால் அதே கதைகளைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் வேறு சில விஷயங்கள் கண்ணில் படும். அன்னாளை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைச் சக்களத்தி குத்திக்காட்டுகிறாள். கணவன் எல்க்கானா நல்லவன்தான், ஆனால் ‘பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா’ என்கிற மாதிரி பேசுகிறான். கோயிலில் உதடு மட்டும் அசைய அழுது ஜெபித்தவரைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று நினைக்கிறார் ஆசாரியன் ஏலி. வீட்டில், உறவில், சபையில் என்று இன்றைக்கு ஒரு பெண் கேட்கும் மூன்று வகைப் பேச்சும் ஒரே அதிகாரத்தில் இருக்கிறது. இன்னொன்று: மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டு வந்த அன்னாள் சாப்பிட்டாள், முகவாட்டம் போயிற்று என்று வருவது கருத்தரிப்பதற்கு முன்னால். குழந்தை அப்புறம்தான் வருகிறது.

சூனேம் பெண் இன்னும் சுவாரஸ்யமானவர். எலிசா தீர்க்கதரிசி, அடுத்த வருஷம் இதே காலத்தில் உன் கையில் மகன் இருப்பான் என்று சொன்னபோது அவர் துள்ளிக் குதிக்கவில்லை. என்னிடம் பொய் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்டார். ஒருமுறை ஆசையை அடக்கிவைத்துவிட்ட பெண்ணிடம் அதை மறுபடி கிளறுவது எவ்வளவு வலி என்பதை அந்த ஒரு பதில் காட்டிவிடுகிறது. ‘அடுத்த வருஷம் குழந்தையோட சாட்சி சொல்வீங்க’ என்று மேடையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊழியர்கள் இந்த வசனத்தை ஒருமுறை படிக்கலாம்.

யார் செய்த பாவம்?

இது பலர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. கல்லூரி நாளில் நடந்த காதலா? கலைத்த கருவா? முன்னோர் சாபமா? சில ஜெபக் கூட்டங்களில் ‘சாபக்கட்டு’ என்று சொல்லி, குடும்ப வரலாறு முழுவதையும் கேட்பார்கள்.

யோவான் சுவிசேஷம் 9-ம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. இன்னொரு இடத்தில் கூட்டத்திலிருந்து ஒரு பெண் அவருடைய தாயின் வயிற்றைப் போற்றிக் குரல் கொடுக்க, கடவுள் சொல்லைக் கேட்டு நடப்பவர்களே அதைவிடப் பேறு பெற்றவர்கள் என்று திருத்துகிறார். மிரியாம், மார்த்தாள், மகதலேனா மரியாள், பிரிஸ்கில்லாள் ஆகியோருக்குப் பிள்ளைகள் இருந்ததாக பைபிள் எங்கும் சொல்லவில்லை. அவர்களுடைய பெயர் அதனால் குறைந்தும் போகவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், மலட்டுத்தன்மை ஒரு முழுமையான தீமை அல்ல என்று நேரடியாகவே சொல்கிறது. குழந்தை என்பது கொடை, யாரும் உரிமையாகக் கேட்டு வாங்கும் பொருள் அல்ல என்பது அதன் நிலைப்பாடு. அப்படியென்றால் கொடை கிடைக்காதவரைக் குற்றவாளி ஆக்கவும் வழி இல்லை.

சொல்லும் ஒரு பிரச்சினைதான். பழைய தமிழ் பைபிளில் ‘மலடி’ என்ற சொல் பல இடங்களில் வருகிறது. அந்தக் கால நடையில் அது சாதாரணச் சொல். இன்றைக்கு அதையே ஒலிபெருக்கியில் அழுத்தி வாசிக்கும்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கும்? தமிழில் ‘மலடன்’ என்று யாரையும் திட்டிக் கேட்டதில்லை என்பதையும் கவனியுங்கள். மருத்துவக் கணக்குப்படி குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது.

குழந்தை இல்லை என்றால் திருமணம் செல்லாதா?

40-ஐத் தாண்டிய பல பெண்களின் உண்மையான பயம் இதுதான். மாமியார் வீட்டில் ‘வேற கல்யாணம்’ பேச்சு வரும்.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1084-வது பிரிவு, மலட்டுத்தன்மை திருமணத்தைத் தடுப்பதும் இல்லை, செல்லாததாக்குவதும் இல்லை என்கிறது. தாம்பத்திய உறவே முடியாத நிலை வேறு. குழந்தை பிறக்காத நிலை வேறு. தனக்குக் குழந்தை பிறக்காது என்று தெரிந்தே மறைத்து, ஏமாற்றித் திருமணம் செய்திருந்தால் மட்டும் அது தனிக் கேள்வி.

நாட்டின் சட்டமும் அப்படித்தான். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் உள்ள காரணங்களில் குழந்தையின்மை இல்லை. முதல் திருமணம் நடைமுறையில் இருக்கும்போதே இன்னொரு திருமணம் செய்தால் அது செல்லாது, குற்றமும்கூட. அதேசமயம், குழந்தை இல்லை என்று சொல்லி அடிப்பது, அவமானப்படுத்துவது, வீட்டைவிட்டு அனுப்புவது கொடுமை என்ற கணக்கில் வரும். அதற்குப் பெண்தான் சட்ட உதவி கேட்கலாம்.

வேளாங்கண்ணித் தொட்டில்

வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். குழந்தை வரம் கேட்டுக் கட்டிய சின்னத் தொட்டில்கள், கிடைத்ததும் காணிக்கையாகக் கொண்டுவந்த வெள்ளி, தங்கத் தொட்டில்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, இந்துக்களும் முஸ்லிம்களும் இங்கே வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் முடியும் அந்தத் திருவிழாவுக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. செப்டம்பர் 8 மரியாளின் பிறந்தநாள். பைபிளில் இல்லாத, ஆனால் மிகப் பழைய கிறிஸ்தவ மரபின்படி மரியாளின் பெற்றோர் சுவக்கினும் அன்னாவும் நெடுங்காலம் குழந்தை இல்லாதவர்கள். அதனால் கோயிலில் அவமானப்பட்டவர்கள். குழந்தை இல்லாத பெண்கள் தொட்டில் கட்டும் ஊரின் பெருவிழா, குழந்தை இல்லாதிருந்த வயதான தம்பதிக்குப் பிறந்த பெண்ணின் பிறந்தநாளில் வருகிறது.

காணிக்கைக் காட்சிக்கூடத்தில் நாம் பார்ப்பது கிடைத்தவர்களின் தொட்டில்கள். கிடைக்காதவர்கள் எதைக் கொண்டுவந்து வைப்பார்கள்?

ஐவிஎஃப் செய்தால் பாவமா?

நீங்கள் எந்தச் சபை என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை தெளிவானது, கடுமையானதும்கூட. 1987-ல் வெளியான ‘டோனும் வீத்தே’, 2008-ல் வந்த ‘டிக்னித்தாஸ் பெர்சோனே’ ஆகிய இரண்டு ஆவணங்களும் ஐவிஎஃப்-ஐ ஏற்கவில்லை. தம்பதியின் உறவுக்கு உதவுகிற சிகிச்சை சரி, அந்த உறவுக்குப் பதிலாக ஆய்வகம் வருவது சரியில்லை என்பது ஒரு காரணம். உருவாகும் கருக்களில் பல உறைய வைக்கப்படுவதும் அழிக்கப்படுவதும் இன்னொரு காரணம். தானமாகப் பெறும் கருமுட்டை, விந்தணு, வாடகைத் தாய் எல்லாமே கூடாது. தைராய்டு, ஹார்மோன் சிகிச்சை, அடைபட்ட கருக்குழாய்க்கு அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குத் தடை இல்லை.

இங்கே ஒரு வரலாற்றுத் துணுக்கு. 1978 ஜூலை 25-ல் உலகின் முதல் ஐவிஎஃப் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்தார். அப்போது வெனிஸ் நகரக் கர்தினாலாக இருந்த அல்பினோ லூச்சியானி, அந்த முறையைத் திருச்சபை ஏற்கவில்லை என்றாலும் குழந்தைக்கு வாழ்த்துச் சொன்னார். பெற்றோரைக் கண்டிக்கவும் மறுத்தார். அடுத்த மாதமே அவர் போப் ஆனார், முதலாம் யோவான் பவுல் என்ற பெயரில். முறையை ஏற்காவிட்டாலும் அதில் பிறந்த குழந்தையைத் திருச்சபை மற்ற குழந்தைகளைப் போலத்தான் ஏற்கிறது. ஞானஸ்நானத்துக்குத் தடை இல்லை.

சிஎஸ்ஐ, லுத்தரன், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று புராட்டஸ்டன்ட் பக்கம் வந்தால் எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே ஆணை கிடையாது. கணவன் மனைவியின் சொந்த அணுக்களை வைத்து, கருக்களை வீணாக்காமல் செய்தால் தவறில்லை என்று பல போதகர்கள் சொல்கிறார்கள். மருத்துவத்தை நாடுவதே விசுவாசக் குறைவு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சுகர் மாத்திரை போடும்போது வராத சந்தேகம் இதில் மட்டும் ஏன் வருகிறது என்று தெரியவில்லை.

முதல் கடிகாரம்: உடம்பு

உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தைப்பேறின்மையைச் சந்திக்கிறார். 35 வயதுக்குள் இருந்தால் ஒரு வருஷம் முயன்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகலாம். 35-க்கு மேல் ஆறு மாதம். 40-ஐத் தாண்டினால் காத்திருக்கவே வேண்டாம், உடனே போங்கள் என்பதுதான் பொதுவான மருத்துவ அறிவுரை. ‘இன்னும் ஒரு வருஷம் ஜெபிச்சுப் பார்க்கலாம்’ என்பது 28 வயதுப் பெண்ணுக்கும் 41 வயதுப் பெண்ணுக்கும் ஒரே விலை அல்ல. 44-க்கு மேல் சொந்தக் கருமுட்டையில் ஐவிஎஃப் வெற்றி பெறும் வாய்ப்பு நூற்றில் ஐந்துக்கும் கீழ் போய்விடுகிறது.

40-களில் இன்னொரு கொடுமையும் உண்டு. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருஷங்களில் அது ஒழுங்கு தவறும். ஒரு மாதம் தள்ளிப்போகும். ‘கர்த்தர் கேட்டுட்டார்’ என்று மனசு துள்ளும். மெடிக்கல் ஷாப்பில் கிட் வாங்கிப் பார்த்தால் ஒரே கோடு. வாழ்நாள் முழுக்க எதிர்பார்த்த அறிகுறியும், அந்த வாசல் மூடப்போகிறது என்ற அறிகுறியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

சட்டமும் எல்லை வைத்திருக்கிறது. 2021-ம் ஆண்டு உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி ஐவிஎஃப் போன்ற சிகிச்சைக்குப் பெண்ணுக்கு 50 வயதுக்குள், ஆணுக்கு 55 வயதுக்குள் இருக்க வேண்டும். வாடகைத் தாய் முறை என்றால் தம்பதியில் மனைவி 23 முதல் 50, கணவர் 26 முதல் 55. தனியாக இருக்கும் பெண் என்றால் 35 முதல் 45 வயதுக்குள் உள்ள விதவை அல்லது விவாகரத்தானவருக்கு மட்டுமே அனுமதி. கல்யாணமே ஆகாதவருக்கு வாடகைத் தாய் வழி இல்லை.

இரண்டாவது கடிகாரம்: தத்தெடுப்பு

‘கிறிஸ்தவங்க தத்தெடுக்க முடியாதாமே?’ என்று இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1956-ம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்கு மட்டும்தான். கிறிஸ்தவர்கள் 1890-ம் ஆண்டுச் சட்டப்படி ‘காப்பாளர்’ ஆக மட்டுமே முடிந்தது. வளர்த்த குழந்தை சட்டத்தின் பார்வையில் மகளோ மகனோ ஆகாது; சொத்துரிமையும் தானாக வராது.

இளைஞர் நீதிச் சட்டம் வந்து, 2006-ல் திருத்தப்பட்ட பிறகு நிலைமை மாறியது. எந்த மதத்தைச் சேர்ந்தவரும் இந்தச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2015-ம் ஆண்டுச் சட்டம். தத்தெடுத்த குழந்தைக்குப் பெற்ற குழந்தைக்கு உள்ள எல்லா உரிமையும் உண்டு. 2022 செப்டம்பரிலிருந்து தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியர் தருகிறார்.

இப்போது அந்தக் கடிகாரத்துக்கு வருவோம். 2022 விதிமுறைப்படி தம்பதியின் இரண்டு பேர் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை 85-க்குள் இருந்தால்தான் 2 வயது வரையுள்ள குழந்தை. 90 வரை என்றால் 2 முதல் 4 வயது. 100 வரை என்றால் 4 முதல் 8. 110 வரை என்றால் 8 முதல் 18. தனியாகத் தத்தெடுக்கும் பெண்ணுக்கு இதே வரிசையில் 40, 45, 50, 55.

ஒரு உதாரணம். கணவருக்கு 46, மனைவிக்கு 43. கூட்டினால் 89. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்குத் தகுதி உண்டு. ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று தள்ளினால் ஒரு வருஷத்தில் கூடுவது ஒன்றல்ல, இரண்டு. 91 ஆகிவிடும். அந்த வயதுப் பிரிவு கைவிட்டுப் போய்விடும். ஜெபிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஜெபித்துக்கொண்டே காராவின் ‘கேரிங்ஸ்’ இணையதளத்தில் பதிவு செய்யலாம். பதிவு செய்த பிறகும் சின்னக் குழந்தைக்காக மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருப்பது சகஜம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்கை குழந்தை, அண்ணன் குழந்தை என்று உறவில் தத்தெடுப்பதற்கு இந்த வயதுக் கூட்டல் பொருந்தாது. ஆனால் அதற்கும் கேரிங்ஸ் பதிவும் ஆட்சியர் ஆணையும் வேண்டும். வீட்டோடு பேசி முடித்து, ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் எழுதினால் மட்டும் அது தத்து ஆகாது.

சபை நடத்தும் காப்பகமாக இருந்தாலும் ஃபாதரோ பாஸ்டரோ நேரடியாகக் குழந்தையைக் கையில் கொடுக்க முடியாது. மருத்துவமனையில் ‘யாருக்கும் தெரியாம வாங்கித் தர்றேன்’ என்பவரிடம் போனால் சிறைவரை போகும். 2019-ல் ராசிபுரத்தில் வெளிவந்த குழந்தை விற்பனை வழக்கை மறந்திருக்க மாட்டீர்கள். ஏக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே தரகர் வந்துவிடுகிறார்.

கல்யாணமாகாத பெண்கள் தத்தெடுப்பதைச் சட்டம் ஏற்கிறது. சபைகள் ஏற்பதில் தயக்கம் உண்டு. தனியாக வாழ்பவர்களுக்கும் குழந்தை தரும் விதிகளை ஏற்க முடியாமல் அன்னை தெரசாவின் மிஷனரிஸ் ஆஃப் சேரிட்டி 2015-ல் இந்தியாவில் தத்துப் பணியையே நிறுத்திக்கொண்டது.

சபை என்ன செய்கிறது?

மே மாதம் இரண்டாவது ஞாயிறு. அன்னையர் தினம். ‘தாய்மார்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்க’ என்று சொல்லி ரோஜாப் பூ கொடுப்பார்கள். உட்கார்ந்தே இருப்பவர்கள் தனியாகத் தெரிவார்கள். அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்துவிடும் பெண்கள் எல்லாச் சபையிலும் உண்டு. இந்தத் தினத்தின் முதல் ஆராதனை 1908-ல் அமெரிக்காவின் கிராஃப்டன் ஊரில் ஒரு மெதடிஸ்ட் ஆலயத்தில் நடந்தது. அதற்காகப் போராடிய அன்னா ஜார்விஸ் கல்யாணம் செய்துகொள்ளாதவர், பிள்ளை இல்லாதவர். பூ வாங்க அவரே எழுந்து நிற்க முடியாது!

கோடை விடுமுறையில் விபிஎஸ் வந்தால் மட்டும் கதை மாறும். ‘உங்களுக்குத்தான் வீட்டுல பிள்ளைங்க தொல்லை இல்லையே’ என்று பத்து நாள் பொறுப்பும் இவர்கள் தலையில் வந்து சேரும்.

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் கதையும் தவறாமல் சொல்லப்படும். அயர்லாந்திலிருந்து 1895-ல் இந்தியா வந்து, 1901 முதல் திருநெல்வேலிப் பக்கம் கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்து, 1951-ல் டோனாவூரிலேயே இறந்தவர். கல்யாணம் ஆகாதவர். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவரை ‘அம்மா’ என்றார்கள். பெரிய வாழ்க்கைதான். ஆனால் ஒரே ஒரு குழந்தைக்காக ஏங்கும் பெண்ணிடம், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மாவாக இரு என்று சொல்வது பல நேரம் பதில் ஆகாது. அது அழைப்பு உள்ளவருக்கு. எல்லாருக்கும் போடும் பரிகாரம் அல்ல.

கருச்சிதைவும் நடக்காமல், சவப்பெட்டியும் இல்லாமல், வராமலே போன ஒருவருக்காகத் துக்கம் காப்பது எப்படி? கணவன் இறந்தால் சபை வீட்டுக்கு வரும், ஜெபிக்கும், சாப்பாடு கொண்டுவரும். மாதவிடாய் நின்ற மாதத்தில் யாரும் வருவதில்லை. சங்கீதப் புத்தகத்தில் கடவுளிடம் கோபித்துக்கொள்ளும், பதில் வராத புலம்பல்கள் நிறைய இருக்கின்றன. பவுல் தன் உடலில் இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று முறை கேட்டும் அது எடுக்கப்படவில்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசு கேட்டதும் கிடைக்கவில்லை. கேட்டது கிடைக்காதவர்களும் விசுவாசிகள்தான் என்பதற்கு பைபிளுக்கு உள்ளேயே இவ்வளவு இருக்கும்போது, 45 வயதுப் பெண்ணிடம் சாராளை மட்டும் காட்டிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

சபையில் இப்படிப்பட்டவர் இருந்தால் ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்காமல் இருந்தாலே பாதி பாரம் குறையும். ஜெபக் குறிப்பில் அவர் பெயரைச் சேர்க்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். போதகர் வீட்டுக்குப் போனால் கணவரையும் உட்கார வைத்துப் பேசலாம். அவருக்கும் இது இழப்புதான், அவரிடம் யாரும் கேட்பதே இல்லை. தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல் வாரக்கணக்கில் போனால் அது விசுவாசப் பிரச்சினை அல்ல, மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, 24 மணி நேரமும் இயங்குகிறது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.